23ஆம் இடத்தோட நிண்டவரைப் பற்றி ஏன் இவ்வளவு கதை? (ரமேஷ் கிருஷ்ணன்)

கேள்வி: 2024 ஜனவரி 17

இந்திய ரெனிஸ் வீரர் சுமித் நாகல் மெல்பேர்னில, அவுஸ்ரேலிய ஓப்பினில வென்ற நேரம் தொட்டு எல்லா இடமும் ரமேஷ் கிருஷ்ணன் புராணம்தான். ஆரெண்டு தேடிப் பாத்தன். கிராண்ட் ஸ்லாம் (வருஷத்தில நடக்கிற நாலு பெரிய போட்டி) பட்டம் ஒண்டும் இல்லை. அரையிறுதிகூட இல்லை. ஆகக் கூடின தரவரிசை 23. தகப்பன் விம்பிள்டன் அரையிறுதிக்கு இரண்டு தரம் போனவர், மகன் அந்தளவுக்கும் எட்டேல்லை. தகப்பன்ர பேரில வந்தவர் எண்டுதான் எனக்குப் படுது. பிழையெண்டால் ஆராவது விளக்கம் சொல்லுங்கோ.

பதில்: ஜனவரி 17, இரவு

பிழைதான் தம்பி. முதல்ல ஏன் அவற்ற பேர் இப்ப அடிபடுது எண்டு பாருங்கோ. நாகல் நேற்று அலெக்சாண்டர் புப்ளிக்கை 6-4, 6-2, 7-6 எண்டு வென்றவர். போட்டி துவங்க முந்திப் பலமான ஆக்களுக்கு வரிசை எண் குடுப்பினம், புப்ளிக்குக்கு அங்க குடுத்த வரிசை 31. இப்பிடி வரிசை குடுத்த ஒரு ஆளைக் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில ஒரு இந்திய ஆண் கடைசியா வென்றது 1989 ஜனவரியில, அதே மெல்பேர்னில, இரண்டாம் சுற்றில. வென்றவர் ரமேஷ். புள்ளி 6-3, 6-2, 7-6. தோத்தவர் மற்ஸ் வில்லண்டர். அந்த நேரம் வில்லண்டர் உலகத்தில முதலாம் ஆள். 1988இல நாலு கிராண்ட் ஸ்லாமில மூண்டை அவர்தான் தூக்கினவர். மெல்பேர்ன் பட்டத்தையும் கையில வைச்சுக்கொண்டு வந்தவர்.

31ஆம் ஆளை வெல்லுறதுக்கே 35 வருஷம் காத்துக்கிடந்திருக்கினம். அதுக்கு முந்தி வென்றது முதலாம் ஆளை. வித்தியாசம் விளங்குதோ?

23 எண்டு லேசாச் சொல்லுறியள். கணினித் தரவரிசை வந்தது 1973இல. அதுக்குப் பிறகு இந்திய ஆண்களில ஒற்றையரில ரமேஷை விட மேல போனவர் விஜய் அமிர்தராஜ் ஒராள்தான், 18. இவையளுக்குப் பிறகு வந்தவையில சோம்தேவ் 62 வரைக்கும் வந்தார். 1985 ஜனவரியில ரமேஷ் நிண்ட படியில இண்டைவரைக்கும் வேற ஆரும் கால் வைக்கேல்லை.

ஜனவரி 18, காலமை

தகப்பன்ர பேர் எண்ட கதைக்கு வாறன்.

தகப்பன் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றவர். 1960இலயும் 61இலயும் பெரிய விம்பிள்டனில அரையிறுதி. 60இல நீல் ஃபிரேசரிட்டத் தோத்தார், 61இல றொட் லேவரிட்ட. இரண்டு பேருமே அந்தந்த வருஷம் கிண்ணத்தைத் தூக்கினவை. அவருக்கும் தகப்பன்தான் பயிற்சி, தென்காசிப் பக்கத்து ஆள். ஆகவே ரமேஷ் மூண்டாம் தலைமுறை.

1979இல ரமேஷ் பிரெஞ்சு இளையோர் பட்டம், விம்பிள்டன் இளையோர் பட்டம் இரண்டையும் ஒரே கோடையில எடுத்தார். விம்பிள்டன் இறுதியாட்டம் 6-0, 6-2. பேரைக் கேட்டுப் பயந்து எதிராளி இரண்டு கேம் மட்டும் எடுத்தவன் எண்டு சொல்லப் போறியளோ? பேர் கிளப் வாசல் கதவைத் திறக்கும், நல்ல றக்கெற் வாங்கித் தரும், சின்ன வயசிலயே புல்லுத் தரையில நிக்க விடும். அதுக்குமேல ஒண்டும் செய்யாது. மற்றப் பக்கத்தில நிக்கிற அமெரிக்கப் பெடியனுக்குத் தென்காசி எங்க கிடக்கெண்டும் தெரியாது.

ஜனவரி 18, பின்னேரம்

நாகல் இண்டைக்குத் தோத்திட்டார். முதல் செற் 6-2 எண்டு எடுத்துப்போட்டு, சீனாவின்ர 18 வயதுப் பெடியன் ஷாங்கிட்ட மிச்ச மூண்டையும் விட்டிட்டார். மெல்பேர்னில இருக்கிற மச்சான் அரங்கில நிண்டு குரல்பதிவு அனுப்பியிருக்கிறான். பாதிக்கு மேல தவில் அடிச்ச மாதிரிச் சத்தம், மிச்சம் வெய்யிலைத் திட்டுறான். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஜனவரி 18, இரவு

“வன்னியில ரெனிஸ் ஆர் விளையாடினது, உங்களுக்கென்ன தெரியும்” எண்டு கேட்டவருக்கு: எங்கட ஊரில எல்லாப் பெடியளும் ரெனிஸ் போல் வைச்சிருந்தவங்கள். கிரிக்கெட் விளையாட. பெட்டையள் அதே பந்தில எல்லே (தடியால அடிச்சுப்போட்டு ஓடுற விளையாட்டு) அடிச்சவளவை. பந்தில இருக்கிற பஞ்சு போய் மொட்டையாகி, பிறகு வெடிச்சு, பிறகும் ஒட்டி விளையாடினனாங்கள். அதை வலைக்கு மேலால அடிக்கத்தான் செய்தவங்கள் எண்டது எனக்குத் தெரிய வந்தது பத்து வயசுக்குப் பிறகு. இதுக்குமேல தகுதிச் சான்றிதழ் என்னட்ட இல்லை.

ஜனவரி 20

நேற்று முழுக்க வயலில. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில செய்த காலபோக நெல்லு சரிஞ்சு கிடக்குது, வெட்டு மெசின் இறங்கேலாத ஈரம். இப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்து அவற்ற விளையாட்டைப் பற்றி எழுதுறன். தரவரிசையில அது தெரியவராது.

ரமேஷின்ர சேர்விஸைப் பாத்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அதுவும் இரண்டாவது சேர்விஸ். பந்தை எறிஞ்சு, கையைத் தூக்கி, அங்கால தள்ளிவிடுறார், அவ்வளவுதான். அவற்ற நடுக்காலத்தில, 1985இல, 17 வயது பொரிஸ் பெக்கர் விம்பிள்டனைச் சேர்விஸாலயே உடைச்செடுத்தவன். மர றக்கெற் போய், கிராஃபைற் வந்து, ஆளாளுக்கு வெடி வைச்ச மாதிரி அடிச்ச காலம். அதுக்குள்ள இந்த மனிசன் மெல்லப் போட்டுக்கொண்டு நிண்டு எட்டு ஒற்றையர் பட்டம் எடுத்திருக்கிறார்.

எப்பிடி? றக்கெற்றைப் பின்னுக்கு இழுக்கிற தூரம் அவருக்கு மிகக் குறைவு. பந்து நிலத்தில பட்டு எழும்பேக்கையே றக்கெற் அங்க போய் நிக்கும். எதிராளி எவ்வளவு வேகமா அடிச்சானோ அந்த வேகத்தையே வாங்கி, கோணத்தை மட்டும் மாத்தி அனுப்புவார். காலடியில விழுற பந்தைக்கூடக் குனிஞ்சு பாதி எழும்ப விட்டு எடுத்துப்போடுவார். மற்றவை இரண்டு அடி பின்னுக்குப் போய் எடுக்கிற பந்தை இவர் முன்னுக்கு வந்து எடுக்கிறதால அங்கால நிக்கிறவனுக்கு மூச்சு விட நேரமில்லை. பந்து மெதுவாத்தான் போகும், ஆனால் கெதியாப் போய்ச் சேந்திடும்.

எங்கட பக்கத்தில கரப்பந்து ஓவர்கேம் ஆடினவைக்கு இது சொல்லத் தேவையில்லை. ஒருத்தன் எழுப்பி மற்றவன் குதிச்சு அடிக்கிற செற்றப் கேம் இல்லை அது. வந்த பந்தை வந்த கையோட நேர அங்கால போடோணும். எங்கட அணியில ஒரு மெலிஞ்ச அண்ணை இருந்தவர். நெஞ்சு எலும்பை எண்ணலாம். அவர் பந்தைப் பாக்கிறதே இல்லை, வலைக்குக் கீழால அங்கால நிக்கிறவன்ர காலைப் பாப்பார். வலக்காலில பாரம் நிண்டால் வலப்பக்கம் போடுவார். அவன் அந்தக் காலைத் தூக்கி வைக்கிறதுக்குள்ள பந்து மண்ணில. குதிச்சுக் குதிச்சு அடிக்கிற கட்டையன்மார் எல்லாரும் அவரிட்டத் தோத்துக் கோவத்தில வலையை இழுப்பினம். ரமேஷ் விளையாடின பழைய ஆட்டம் ஒண்டை முதல்தரம் வீடியோவில பாக்கேக்க எனக்கு அந்த அண்ணைதான் நினைவுக்கு வந்தார்.

ஜனவரி 21

இரவு யோசிச்சுப் பாத்தன். மேல எழுதினது கொஞ்சம் கூடிப் போச்சோ தெரியாது. கேட்ட தம்பிக்கு ஒரு நியாயம் இருக்கு.

ரமேஷ் மூண்டு தரம் கிராண்ட் ஸ்லாம் காலிறுதிக்குப் போனவர். 1981 அமெரிக்க ஓப்பின், 1986 விம்பிள்டன், 1987 அமெரிக்க ஓப்பின். 81இல ஜோன் மக்கென்றோ. முதல் செற் ரமேஷுக்கு, இரண்டாவது ரைபிறேக்கரில (6-6 எண்டு வந்தால் செற்றை முடிக்கிற குட்டி ஆட்டம்) போச்சுது, பிறகு 6-4, 6-2. அந்த வருஷம் மக்கென்றோதான் பட்டம் வென்றவர், அதில வெக்கமில்லை. 86இல யூகோஸ்லாவியாவின்ர சிவோயினோவிச். வாட்டசாட்டமான ஆள், சேர்விஸ் இடி விழுந்த மாதிரி. 87இல ஸ்ரெஃபான் எட்பேர்க், 6-2, 6-2, 6-2.

மூண்டு பேரையும் பாருங்கோ. மக்கென்றோவும் எட்பேர்க்கும் சேர்விஸ் போட்டுக்கொண்டு வலைக்கு ஓடுறவை. சிவோயினோவிச் சேர்விஸாலயே புள்ளி எடுக்கிறவர். வேகத்தை வாங்கித் திருப்பிக் குடுக்கிற வித்தை, பந்து மாறி மாறிப் போனால்தான் வேலை செய்யும். முதல் அடியிலயோ இரண்டாம் அடியிலயோ ஆட்டம் முடிஞ்சால் திருப்பிக் குடுக்க ஒண்டுமில்லை. வில்லண்டரை அடிச்சதுக்கும் அதுதான் காரணம். அவர் பின்னுக்கு நிண்டு பொறுமையாப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிற ஆள். ரமேஷுக்கு அப்பிடி ஒராள் கிடைச்சால் விருந்து.

ஆக, அந்த மெல்லிய சேர்விஸைப் பற்றி நான் ரசிச்சு எழுதினாலும், காலிறுதிக்கு அங்கால போக விடாததும் அதுதான்.

ஜனவரி 22

கனடாவில இருந்து எழுதுற அண்ணை சும்மா விடமாட்டார். “வலைக்கு ஓடுறவையிட்டத் தோப்பார் எண்டால் சிட்னியில நடந்தது என்ன” எண்டு கேட்டிருக்கிறார். ஞாயமான கேள்வி. நேற்றைய கணக்கில இது இடிக்குதுதான்.

தெரியாதவைக்கு: 1987 டேவிஸ் கிண்ணம். நாடும் நாடும் மோதுற அணிப் போட்டி, ஒரு மோதலுக்கு ஐஞ்சு ஆட்டம். மார்ச்சில டெல்லியில ஆர்ஜென்ரீனாவோட. விஜய் அமிர்தராஜுக்கு அப்ப 33 வயது. மார்ட்டின் ஹைட்டேயிட்டத் தோக்கிற நிலையில மச் பொயின்ற் வரைக்கும் போய்த் தப்பி வென்று, 2-2 ஆக்கினார். ஐந்தாவது ஆட்டத்தை ரமேஷ் முடிச்சுக் குடுத்தார். யூலையில இஸ்ரேல். ஒக்டோபர் முதல் கிழமை சிட்னியில, புல்லுத் தரையில, அவுஸ்ரேலியா. அந்த வருஷ விம்பிள்டன் சம்பியன் பற் கஷ்சின்ர நாடு. திரும்பவும் 2-2. ஐந்தாவது ஆட்டத்தில ரமேஷுக்கு எதிரா வொலி மசூர். புல்லில வலைக்கு ஓடுற ஆள், சொந்த ஊர்ச் சனம். ரமேஷ் 8-6, 6-4, 6-4. டேவிஸ் கிண்ணத்தில அப்ப ரைபிறேக்கர் இல்லை, அதுதான் 8-6.

எட்பேர்க் வலைக்கு வந்தால் தோல்வி, மசூர் வலைக்கு வந்தால் வெற்றி. அப்ப என்ர கணக்கை இப்பிடித் திருத்திறன்: வலைக்கு வாறது பிரச்சினையில்லை, வாறவன் எவ்வளவு நல்லவன் எண்டதுதான் பிரச்சினை. இதைச் சொல்ல இவ்வளவு எழுதத் தேவையில்லை எண்டு அண்ணை சொல்லுவார். சொல்லட்டும்.

ஆனால் இதில இன்னொண்டு கிடக்கு. 1966இல டேவிஸ் கிண்ண அரையிறுதி கல்கத்தாவில பிரேசிலோட. அங்கயும் 2-2. ஐந்தாவது ஆட்டம் ராமநாதன் கிருஷ்ணனும் தோமஸ் கொக்கும். 2-1 எண்டு செற்றில பின்னுக்கு, நாலாவது செற்றில 2-5. அதில இருந்து எழும்பி வென்று இந்தியாவை முதல்தரம் இறுதிக்குக் கொண்டு போனவர் தகப்பன். 21 வருஷம் கழிச்சு மகன் சிட்னியில. இரண்டு பேருமே மற்ற நாலு ஆட்டமும் முடிஞ்சு, எல்லாரும் தன்னைத்தான் பாக்கினம் எண்டு தெரிஞ்சுகொண்டு இறங்கினவை. இதைத் தகப்பன்ர பேரில வந்தது எண்டு சொன்னால் ஒத்துக்கொள்ளுறன்.

இறுதியாட்டம் டிசம்பரில சுவீடனில கோத்தன்பேர்க். மண்டபத்துக்குள்ள களிமண்ணைக் கொட்டித் தரை போட்டிருந்தவை. 5-0. ரமேஷை அடிச்சது அதே வில்லண்டர். 1989 மெல்பேர்னை அதோட சேத்துத்தான் பாக்கோணும்.

ஜனவரி 24

“87 ஒக்டோபரில உங்கட ஊரில சனம் சிட்னி ஆட்டம் கேட்டதோ” எண்டு மட்டக்களப்பு அக்கா எழுதியிருக்கிறா. பகிடிக்குக் கேட்டாவோ தெரியாது. கேட்டபடியால் சொல்லுறன்.

அந்த மாசங்களை அடுக்கிப் பாருங்கோ. யூலையில டெல்லியில இஸ்ரேலோட காலிறுதி. அதே யூலைக் கடைசியில கொழும்பில இலங்கை இந்திய ஒப்பந்தம். செப்டெம்பர் 26 திலீபன் உண்ணாவிரதத்தில சாகிறார். ஒக்டோபர் முதல் கிழமை ரமேஷ் சிட்னியில வெல்லுறார். ஒக்டோபர் 10இல யாழ்ப்பாணத்தில இந்தியன் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை துவங்கிச்சுது. றேடியோவுக்கு முன்னால சனம் இருந்ததுதான், ஆனால் விளையாட்டுச் செய்தி வரேக்க ஆரும் அங்க இல்லை. எனக்குச் சிட்னி எண்ட ஒண்டு நடந்ததே அப்ப தெரியாது.

ரமேஷ் கிருஷ்ணன் எண்ட பேரை நான் முதல்முதல் கவனிச்சது 1989 துவக்கத்தில. ஒட்டுசுட்டான் பக்கம் இந்தியன் ஆமியின்ர ஒரு சென்றி. அரிசிச் சாக்கைச் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு போறன். இறக்கச் சொல்லிச்சினம், இறக்கினன். பாத்திட்டு ஏத்தச் சொல்லிச்சினம். ஏத்தேக்க சாக்கின்ர தையல் பிரிஞ்சு அரிசி ஒழுகத் துவங்கிற்றுது. மணல் மூட்டைக்கு மேல இருந்த ஒராள் இந்துப் பேப்பரை நாலா மடிச்சுப் பின்பக்கம் வாசிச்சுக்கொண்டிருந்தார். தமிழ் ஆள். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, டென்னிஸ் பாப்பியா?”

“இல்லை அண்ணை.”

“நம்ம மெட்ராஸ் ஆளு. உலகத்துலயே நம்பர் ஒன் ஆளை அடிச்சுட்டான், பாரு.”

பேப்பரைத் திருப்பிக் காட்டினார். மங்கலான கறுப்பு வெள்ளைப் படம், குனிஞ்சு பந்து எடுக்கிற ஒரு மனிசன், தலைமயிர் நெத்தியில. நான் சாக்கு ஓட்டையை விரலால பொத்திக்கொண்டு பாத்தன். நல்லது அண்ணை எண்டு சொன்னன். அவருக்கு உண்மையாச் சந்தோசம். வீட்டில ஒராள் வென்ற மாதிரி. எனக்கு அந்தச் சந்தோசத்தை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கையில துவக்கு வைச்சிருக்கிற ஆள், என்ர மொழியில, இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு கதைச்சால் பேசாமல் தலையாட்டத்தான் வரும்.

வீட்ட வந்து அம்மாட்ட அரிசி குறைஞ்சதுக்குப் பேச்சு வாங்கினன்.

ஜனவரி 25

விளையாட்டுக்குள்ள அரசியலை ஏன் கொண்டு வாறாய் எண்டு இரண்டு பேர். நான் கொண்டு வரேல்லை. 1974இல இந்தியா டேவிஸ் கிண்ண இறுதிக்கு வந்து, எதிராளி தென்னாபிரிக்கா எண்டபடியால் ஆடாமல் விட்டது, நிறவெறிக்கு எதிரா. விஜய்க்கு அப்ப 20 வயது, கிண்ணம் கைக்கெட்டின தூரம். அதுவும் அரசியல்தான். அதை எல்லாரும் பெருமையாத்தான் எழுதினம்.

“அவர் தமிழர், நாங்கள் பெருமைப்படோணும்” எண்டு எழுதினவருக்கும் ஒண்டு. வில்லண்டரை வென்றதுக்குப் பெருமைப்படுங்கோ. தமிழ் கதைக்கிறது குறுக்கால பந்து போட உதவாது.

ஜனவரி 28

எங்கட பக்கத்து இந்தியாவின்ர போபண்ணா! 43 வயசில மெல்பேர்னில இரட்டையர் பட்டம். நேற்று எப்டனோட சேந்து இத்தாலிக்காரர் இரண்டு பேரை 7-6, 7-5. உலக முதலாம் இடமும் அவருக்குத்தான். மச்சான் இந்த முறை குரல்பதிவில அழுகிறான். அவனுக்கு நுழைவுச்சீட்டு விலைதான் அழுகை எண்டு தங்கச்சி சொல்லுறாள்.

இரட்டையர் எண்டவுடன 1992 பார்சிலோனா ஒலிம்பிக். ரமேஷுக்கு 31 வயது, கூட ஆடினது 19 வயது லியாண்டர் பயஸ். ஃபிற்ஸ்ஜெரல்டும் வூட்பிறிட்ஜும் சேந்த அவுஸ்ரேலியச் சோடியை அடிச்சுக் காலிறுதி. அந்தக் காலிறுதியில குரோவேசியாவின்ர இவானிசெவிச், பிர்பிச் சோடியிட்டத் தோத்தினம். அந்த ஒலிம்பிக்கில அரையிறுதியில தோத்த இரண்டு பக்கத்துக்கும் வெண்கலம் குடுத்தவை. ஆகவே அந்த ஒரு ஆட்டம் வென்றிருந்தால் கழுத்தில பதக்கம். லியாண்டர் நாலு வருஷம் கழிச்சு அற்லாண்டாவில தனிய அந்த வெண்கலத்தை எடுத்தார். ரமேஷுக்குக் கிடைக்கேல்லை.

இதை நான் கேட்டது எப்பிடியெண்டு சொன்னால் இப்பத்தைப் பெடியள் நம்பாங்கள். 92இல கரண்ட் இல்லை, பற்றரி தடை, ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிட்டு நிறுத்தி, டைனமோவில இருந்து வயர் எடுத்து றேடியோவுக்குக் குடுத்து, ஒராள் கையால பெடலைச் சுத்தோணும். மெல்லச் சுத்தினால் செய்தி வாசிக்கிறவற்ற குரல் கிணத்துக்குள்ள போகும். உறுக்கிச் சுத்தினால் இரைச்சல். ஐயா போர்ச் செய்தி முடிஞ்சவுடன “காணும், விடு” எண்டிட்டு எழும்பிப் போவார். விளையாட்டுச் செய்தி கடைசியில. அதுக்குச் சுத்த ஆள் வராது. நானே ஒரு கையால சுத்தி, காதை றேடியோவில ஒட்டிக்கொண்டு இருந்தன். “லியாண்டர் பயஸ், ரமேஷ் கிருஷ்ணன் இணை” எண்டு வந்தவுடன கை நிண்டு போச்சுது. மிச்சம் கேக்கேல்லை. திரும்பச் சுத்தினால் வானிலை.

வென்றதோ தோத்ததோ எண்டு அடுத்த நாள் இரவு வரைக்கும் தெரியாது. சென்றியில படம் காட்டின ஆளை அந்த நேரம் நினைச்சனான்தான். 90 மார்ச்சோட அவையள் எல்லாரும் கப்பலேறிப் போயிட்டினம். ரமேஷ் மட்டும் எனக்கு மிஞ்சினார்.

பெப்ரவரி 11

அருவி வெட்டு முடிஞ்சுது. ஈர நெல்லு விலை கேக்காதேங்கோ.

கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். “சரி, திறமை இருந்தது எண்டு ஒத்துக்கொள்ளுறன். அப்ப ஏன் அவருக்குப் பிறகு இவ்வளவு காலம் ஒருத்தரும் வரேல்லை?” இது முதல் கேள்வியை விட நல்ல கேள்வி.

எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு. நாகல் போன செப்டெம்பரில தன்ர வங்கிக் கணக்கில 900 யூரோதான் மிச்சம் எண்டு வெளிப்படையாச் சொன்னவர். ஒரு வருஷம் ஊர் ஊராப் போய் விளையாட விமானச் செலவு, ஹோட்டல், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் கைக்காசு. மெல்பேர்னில இரண்டாம் சுற்றுக்குப் போனபடியால் 180,000 அவுஸ்ரேலிய டொலர் கிடைச்சுது. அந்த ஒரு ஆட்டம் தோத்திருந்தால் ஆள் என்ன செய்திருப்பார்? 137ஆம் இடத்தில நிக்கிறவனுக்கே இந்த நிலை. ரமேஷுக்கு வீட்டுக்குள்ளயே இரண்டு தலைமுறைப் பயிற்சி இருந்தது. நான் தகப்பன்ர பேர் ஒண்டும் செய்யாது எண்டு மேல எழுதினது எதிராளிக்கு. வீட்டுக்குள்ள அது பெரிய காரியம் செய்திருக்கு. தம்பி சொன்னதில அந்தப் பாதி சரிதான், அவர் நினைச்ச விதத்தில இல்லாட்டியும்.

மற்றது விளையாட்டே மாறிப்போச்சுது. ரமேஷ் மாதிரி மெல்லமாப் போட்டு இண்டைக்கு 200க்குள்ள வரலாமோ எண்டால், வரேலாது எண்டுதான் நான் நினைக்கிறன். றக்கெற்றின்ர நரம்பு மாறி, பந்து சுழலுற சுழலில அவற்ற தட்டையான அடிக்கு இடமில்லை. அவர் 1993இல விட்டவர். அந்த வருஷமும் பிரான்சுக்குப் போய், ஃபிரேஜுஸ் எண்ட ஊரில களிமண்ணில, லியாண்டரோட சேந்து 3-2 எண்டு டேவிஸ் கிண்ணக் காலிறுதி வென்றவை. விடுறதுக்கு நல்ல வருஷம். பிறகு சென்னையில தகப்பனோட பயிற்சி நிலையம், 2007இல டேவிஸ் கிண்ண அணித் தலைவர். ரீவியில இருந்து இப்பத்தைப் பெடியளைக் குறை சொல்லி நான் ஒருக்காலும் காணேல்லை.

பெப்ரவரி 12

அந்த ஆர்ஜென்ரீனாக்காரன்ர பேர் ஹைட்டேயா ஜைட்டேயா எண்டு சண்டை பிடிக்கிற இரண்டு பேரும் வேற இழை துவங்குங்கோ.

யூலை 22

விஜய் அமிர்தராஜையும் லியாண்டரையும் சனிக்கிழமை அமெரிக்காவில நியூபோர்ட்டில இருக்கிற ரெனிஸ் புகழ் மண்டபத்தில சேத்தாச்சு. ஆசிய ஆண்களில இவை இரண்டு பேரும்தான் முதல். நாகல் போன கிழமை 68ஆம் இடத்துக்கு வந்திட்டார், அதையும் சொல்லிப்போடோணும்.

ரமேஷையும் சேக்கோணும் எண்டு ஒராள் மனு எழுதச் சொல்லுறார். நான் கையெழுத்துப் போடமாட்டன். விஜய் விளையாடினதோட விளையாட்டுக்கு வெளியாலயும் கன காரியம் செய்தவர், அவரைச் சேத்ததும் அந்தக் கணக்கிலதான். லியாண்டரிட்ட இரட்டையர் கிராண்ட் ஸ்லாம் குவிஞ்சு கிடக்கு. ரமேஷிட்ட மூண்டு காலிறுதி, ஒரு வில்லண்டர், ஒரு மசூர். எனக்குக் காணும், மண்டபத்துக்குக் காணாது. இதில மனவருத்தப்பட ஒண்டுமில்லை.

கேட்ட தம்பி கடைசியா எந்த ஆட்டத்தைப் பாக்கலாம் எண்டு கேட்டிருக்கிறார். வில்லண்டர் ஆட்டம் முழுசா எனக்குக் கிடைக்கேல்லை. 1981 மக்கென்றோ ஆட்டத்தைத் தேடுங்கோ. முதல் செற்றை மட்டும் பாருங்கோ. பந்தைப் பாக்காதேங்கோ, மக்கென்றோவின்ர காலைப் பாருங்கோ. எத்தினை தரம் பிழையான காலில நிக்கிறார் எண்டு எண்ணிப்போட்டு வந்து எழுதுங்கோ. எங்கட பக்கம் நெற் இழுக்காது, நான் இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் பாக்கேலும்.